புது டேட்டா வேர்ஹவுஸ் தேவையா? அறிகுறியைப் பார்த்து முடிவெடுக்கும் வழிமுறை

ரிப்போர்ட்டுக்காகக் கம்பெனித் தரவை ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸ்தான் டேட்டா வேர்ஹவுஸ். "வேற வேர்ஹவுஸ் ஏதாவது பார்க்கலாமே" என்ற பேச்சு ஒரு டீமில் கிளம்பினால், பின்னால் நிச்சயம் ஒரு வலி இருக்கும். ரிப்போர்ட் ஊர்கிறது, பில் ஏறுகிறது, காலை மீட்டிங்குக்கு எண் வரவில்லை. வலி நிஜம்தான். ஆனால் அது இன்ஜினில் (தரவைப் படித்து விடை தரும் மென்பொருளில்) இருக்கிறதா, இன்ஜினுக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கிறதா என்று பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பிஓசியை (புதியதை நம் தரவோடு ஓட்டிப் பார்க்கும் சோதனையை) ஒழுங்காகச் செய்ய இரண்டு நல்ல இன்ஜினியர்களின் ஒரு மாதம் போய்விடும். பார்ப்பதற்கு ஒரு மதியம் போதும்.

கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்களுடையது எதுவோ அங்கே நேராகப் போங்கள். உதாரணங்கள் ரெட்ஷிஃப்ட், ஸ்னோஃப்ளேக், பிக்குவெரி, போஸ்ட்கிரெஸ் இந்த நான்கிலிருந்துதான். முதல் மூன்றும் கிளவுட் வேர்ஹவுஸ்கள், போஸ்ட்கிரெஸ் ஆப்களுக்குப் பின்னால் ஓடும் சாதாரண டேட்டாபேஸ். மற்றவற்றிலும் பெயர்கள்தான் மாறும்.

அதற்கு முன் ஒரே ஒரு கேள்வி. பிஓசியில் புதியது ஜெயித்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்த ஒரு வருஷத்துக்குள் அதற்கு மாற ஆளும் பணமும் உண்டா? "இல்லை, சும்மா தெரிந்து வைத்துக்கொள்ளத்தான்" என்பது பதில் என்றால் இப்போது பிஓசி வேண்டாம். மாறும் காலம் வரும்போது விலையும் வசதிகளும் வேறாகியிருக்கும், செய்ததை மறுபடி செய்ய வேண்டிவரும்.

அறிகுறி: காலை பத்து மணிக்கு மட்டும் டேஷ்போர்டு தவழ்கிறது

மதியம் மூன்று மணிக்கு எட்டு வினாடியில் திறக்கும் பக்கம், காலை பத்துக்கு ஒன்றரை நிமிஷம் எடுக்கிறது என்றால் குவெரியில் (டேட்டாபேஸிடம் கேட்கும் கேள்வியில்) கோளாறு இல்லை. அது கியூவில் நிற்கிறது.

உறுதிசெய்வது எளிது. ரெட்ஷிஃப்டில் எஸ்டிஎல் டபிள்யூஎல்எம் குவெரி என்ற சிஸ்டம் டேபிளில் டோட்டல் கியூ டைம், டோட்டல் எக்ஸெக் டைம் என்று இரண்டும் தனித்தனியாக, மைக்ரோ செகண்டில் இருக்கும். ஸ்னோஃப்ளேக்கில் குவெரி ஹிஸ்டரியில் கியூட் ஓவர்லோடு டைம் என்று மில்லி செகண்டில் கிடைக்கும். 90 வினாடியில் 80 வினாடி கியூவிலும் 10 வினாடி ஓடுவதிலும் போயிருந்தால், பார்க்க வேண்டியது அந்த 80-ஐத்தான். வேகமான இன்ஜின் கியூவையும் ஓரளவு குறைக்கும், மறுக்கவில்லை. ஆனால் கியூவை அடைத்துக்கொண்டு நிற்பது யார் என்று முதலில் பாருங்கள்.

வழக்கமாக மூன்று பேர்தான். ராத்திரி முடிய வேண்டிய லோடு (தரவை வேர்ஹவுஸில் ஏற்றும் வேலை) தோற்று, மறுபடி ஓடி, ஒன்பதரை வரை இழுத்திருக்கும். இல்லையென்றால் பிஐ டூலில் (டேஷ்போர்டு போடும் மென்பொருளில்) எல்லோரும் தங்கள் ரிஃப்ரெஷ்ஷை சரியாகப் பத்து மணிக்கே வைத்திருப்பார்கள். இல்லையென்றால் டேஷ்போர்டே காரணம்: ஒரு பக்கத்தில் பத்து சார்ட், நான்கு ஃபில்டர் இருந்தால், பக்கத்தைத் திறந்தவுடன் 14 குவெரி கிளம்பும். ஃபில்டருக்குள் வரும் ஊர்ப் பெயர் பட்டியலுக்கும் ஒரு குவெரி உண்டு என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை. இருபது பேர் ஒரே நேரத்தில் திறந்தால் 280.

லோடுக்கும் ரிப்போர்ட்டுக்கும் ஒரே கியூ இருந்தால் முதலில் பிரியுங்கள். ஸ்னோஃப்ளேக்கில் லோடுக்கு வேறொரு விர்ச்சுவல் வேர்ஹவுஸ் (குவெரி ஓட்டும் மெஷின்களுக்கு அங்கே அதுதான் பெயர்) கொடுத்தால் முடிந்தது. ரெட்ஷிஃப்டில் டபிள்யூஎல்எம் (வேலைகளை வரிசைப்படுத்தும் பகுதி) கியூக்களைப் பிரித்து, சின்னக் குவெரிகளை முன்னால் விடும் வசதியை இயக்குங்கள். நெரிசலில் கூடுதல் மெஷின்களைத் தற்காலிகமாகச் சேர்க்கும், 2019-இல் வந்த கன்கரன்ஸி ஸ்கேலிங் வசதியும் உண்டு. மெயின் கிளஸ்டர் (வழக்கமான மெஷின் கூட்டம்) 24 மணி நேரம் ஓடினால் அதில் ஒரு மணி நேரம் இலவசமாகச் சேரும், காலை நெரிசலுக்குப் பல இடங்களில் அதுவே போதும். ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: ஸ்லாட் (ஒரே நேரத்தில் ஓட விடும் குவெரி) எண்ணிக்கையை 5-லிருந்து 30-க்கு ஏற்றுவது. ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் மெமரி பங்கு பிரிகிறது. பங்கு சுருங்கினால் குவெரிகள் டிஸ்குக்கு எழுத ஆரம்பிக்கும், கியூ குறைந்தும் நேரம் கூடும். அப்புறம் ரிஃப்ரெஷ் நேரங்களைப் பத்து மணியிலிருந்து கொஞ்சம் கலைத்து வையுங்கள். காசே செலவில்லாத வேலை, ஆனால் நாலு டிபார்ட்மெண்டிடம் பேச வேண்டும் என்பதால்தான் யாரும் செய்வதில்லை.

பிஓசி எப்போது? டேஷ்போர்டைப் பார்ப்பது உங்கள் ஊழியர்கள் இல்லை, உங்கள் ஆப்பைப் பயன்படுத்தும் வாடிக்கையாளர்கள், அவர்கள் ஆயிரக்கணக்கில் வருகிறார்கள், ஒரு வினாடிக்குள் பதில் வேண்டும் என்றால். அது வேறு ஜாதி வேலை. லிங்க்ட்இன்னில் பிறந்த பினோ, யாண்டெக்ஸில் பிறந்து 2016-இல் ஓப்பன் சோர்ஸ் ஆன கிளிக்ஹவுஸ் போன்றவை அதற்கென்றே எழுதப்பட்டவை. வேர்ஹவுஸை வைத்து அதைச் சமாளிக்கப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

அறிகுறி: குறிப்பிட்ட சில குவெரிகள் எந்த நேரத்திலும் மெதுவாகத்தான் இருக்கின்றன

முதலில் பட்டியலை எடுங்கள். எது அதிக நேரம் எடுக்கிறது என்று வரிசைப்படுத்தினால் தப்பான பட்டியல் வரும். ஒரு முறை ஓட எவ்வளவு நேரம், ஒரு நாளில் எத்தனை முறை, இரண்டையும் பெருக்கி அதை வைத்து வரிசைப்படுத்துங்கள். மாசத்துக்கு ஒரு முறை நாற்பது நிமிஷம் ஓடும் கணக்கு மூடல் குவெரியைவிட, நாளைக்கு இரண்டாயிரம் முறை ஆறு வினாடி எடுக்கும் சின்னக் குவெரிதான் உங்களைத் தின்கிறது. முதல் பத்தை மட்டும் திறந்து படித்தால் போதும்.

இந்தியாவில் இருக்கும் டீம்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டேபிளில் நேரம் யுடிசியில் (இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால்) இருக்கும். ரிப்போர்ட்டுக்கு இந்திய நேரப்படி ஏப்ரல் 1 வேண்டும். எழுதுபவர் என்ன செய்வார்? கிரியேட்டட் அட் நெடுவரிசையை ஏசியா கொல்கத்தா நேரத்துக்கு மாற்றி, அதிலிருந்து தேதியைப் பிரித்து, அது ஏப்ரல் 1-க்குச் சமமா என்று வேர் கிளாஸில் (குவெரியில் நிபந்தனை எழுதும் இடத்தில்) கேட்பார். விடை சரியாகத்தான் வரும். ஆனால் ரெட்ஷிஃப்ட் தரவை ஒரு எம்பி பிளாக்குகளாக வைத்து, ஒவ்வொரு பிளாக்கிலும் உள்ள சிறிய மதிப்பு, பெரிய மதிப்பு இரண்டையும் குறித்து வைத்திருக்கிறது. அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் தேவையில்லாத பிளாக்குகளைத் தொடாமல் தாண்டும். நெடுவரிசையை ஃபங்ஷனுக்குள் போட்டுவிட்டால் அந்தக் குறிப்பு உதவாது. மூன்று வருஷத் தரவையும் படித்து, ஒவ்வொரு ரோவுக்கும் நேரத்தை மாற்றிப் பார்த்து, ஒரு நாளை எடுத்துக் கொடுக்கும். போஸ்ட்கிரெஸில் இதே எழுத்து, அந்த நெடுவரிசையில் போட்ட இன்டெக்ஸையும் பயனில்லாமல் ஆக்கும்.

மாற்ற வேண்டியது நெடுவரிசையை அல்ல, எல்லையை. மார்ச் 31, 18:30 யுடிசி முதல் ஏப்ரல் 1, 18:30 யுடிசிக்கு முன்பு வரை என்று கேளுங்கள். விடை அதேதான், படிக்கப்படுவது ஒரு நாள் பிளாக்குகள் மட்டும்.

பிக்குவெரியில் இதற்கு ஒரு தம்பி உண்டு. பார்ட்டிஷன் (டேபிளைத் தேதி வாரியாகப் பிரித்த துண்டு) தேதியை "கடைசியாக எந்தத் தேதி லோடு ஆனதோ அது" என்று சப்குவெரியாக (குவெரிக்குள் இன்னொரு குவெரியாக) கொடுத்தால், தேவையில்லாத துண்டுகளைத் தாண்டும் பார்ட்டிஷன் வெட்டு நடக்காது, முழு டேபிளையும் படித்துவிடும். தேதியைத் தனியாக எடுத்து நேரடி மதிப்பாகக் கொடுங்கள். ஸ்னோஃப்ளேக்கில் குவெரி புரொஃபைலில் மொத்தப் பார்ட்டிஷன், படித்த பார்ட்டிஷன் என்று இரண்டு எண் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் அங்கேயே நில்லுங்கள், மேலே பார்க்கத் தேவையில்லை.

அடுத்து ஜாயின், அதாவது இரண்டு டேபிளை இணைப்பது. ரெட்ஷிஃப்ட் எக்ஸ்ப்ளெய்னில் (குவெரியை ஓட்டும் பிளானைக் காட்டும் கமாண்டில்) டிஎஸ் பிகாஸ்ட் இன்னர் அல்லது டிஎஸ் டிஸ்ட் போத் என்று வந்தால், ஜாயின் செய்வதற்காகத் தரவு கிளஸ்டரின் நோடுகளுக்கிடையே (மெஷின்களுக்கிடையே) நகர்கிறது. சின்ன டேபிள் நகர்ந்தால் பரவாயில்லை, பெரியது நகர்ந்தால் டிஸ்ட் கீயை (எந்த ரோ எங்கே போகும் என்று தீர்மானிக்கும் நெடுவரிசையை) மாற்றுங்கள். மாற்றிய பின் ஸ்கியூவை (தரவு ஓரிடத்தில் குவிவதை) பாருங்கள். கஸ்டமர் ஐடியை டிஸ்ட் கீயாக வைத்து, லாகின் செய்யாமல் வாங்கியவர்களுக்கெல்லாம் ஐடி பூஜ்யம் என்று போட்டிருந்தால், அத்தனை ரோவும் ஒரே ஸ்லைஸில் (நோடின் ஒரு பங்கில்) போய்க் குவியும். மற்ற ஸ்லைஸ்கள் வேலையை முடித்துவிட்டு அதற்காகக் காத்திருக்கும். எஸ்விவி டேபிள் இன்ஃபோவில் ஸ்கியூ ரோஸ் (தரவுக் குவிப்பு), அன்சார்ட்டட் (வரிசைப்படாத ரோ), ஸ்டாட்ஸ் ஆஃப் (பழசான புள்ளிவிவரம்) மூன்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிடலாம்.

ஏழு அடுக்கு வியூ (பெயர் வைத்துச் சேமித்த குவெரி) மேல் வியூ, நடுவில் எங்கோ ரோ இரட்டிப்பதை மறைக்கப் போட்ட டிஸ்டிங்க்ட் இதெல்லாம் எந்த இன்ஜினுக்குக் கொண்டுபோனாலும் கூடவே வரும். டிஸ்டிங்க்ட் போட்டதும் சரியாகிவிட்டது என்று யாராவது சொன்னால், அந்த ஜாயினைப் பிரித்துப் பாருங்கள்.

பிளானைப் படித்தாயிற்று, வெட்டு ஒழுங்காக நடக்கிறது, தரவு சமமாகப் பரவியிருக்கிறது, ஆனாலும் முதல் பத்தில் பாதிக்கு மேல் நேரம் போதவில்லை என்றால் அது இன்ஜின் பேச்சு. பிஓசிக்குப் போகலாம்.

அறிகுறி: பில் மாசா மாசம் ஏறுகிறது

முதலில் பில்லைப் பிரியுங்கள்: கம்ப்யூட் (குவெரி ஓட்டும் செலவு), ஸ்டோரேஜ், தரவை வெளியே எடுக்கும் செலவு, அப்புறம் லோடு செய்யும் டூலின் பில். இந்தக் கடைசியை வேர்ஹவுஸ் கணக்கில் சேர்த்துத் திட்டுபவர்கள் நிறைய. வேர்ஹவுஸை மாற்றினாலும் அது அப்படியே வரும்.

ஸ்னோஃப்ளேக்கில் கம்ப்யூட் ஏறினால் முதல் சந்தேகம் ஆட்டோ சஸ்பெண்ட் மேல். எஸ்கியூஎல்லில் வேர்ஹவுஸ் உருவாக்கும்போது ஒன்றும் சொல்லாவிட்டால் அது 600 வினாடி, அதாவது பத்து நிமிஷம் சும்மா இருந்த பிறகே தூங்கும். இப்போது ஒரு டேஷ்போர்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை ரிஃப்ரெஷ் ஆகிறது, குவெரி பத்து வினாடி எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வேர்ஹவுஸ் தூங்கவே தூங்காது. மீடியம் சைஸ் என்றால் மணிக்கு 4 கிரெடிட் (ஸ்னோஃப்ளேக்கின் கட்டண அலகு), நாளைக்கு 96. ஆட்டோ சஸ்பெண்டை 60 வினாடியாக்கினால், ஒவ்வொரு முறையும் சுமார் 70 வினாடி, நாளைக்கு 288 முறை, மொத்தம் 5.6 மணி நேரம், 22.4 கிரெடிட். ரிஃப்ரெஷ்ஷை மணிக்கு ஒரு முறை என்று மாற்றினால் 2 கிரெடிட்கூட வராது. அந்த டேஷ்போர்டை ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை உண்மையிலேயே யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால் பதில் வராது.

தரவும் மாறாமல், குவெரியும் எழுத்து மாறாமல் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் ரிசல்ட் கேஷிலிருந்தே (முன்பு வந்த விடையைச் சேமித்து வைத்த இடத்திலிருந்தே) விடை வந்துவிடும், வேர்ஹவுஸ் விழிக்காதே என்று கேட்கலாம். சரிதான். ஆனால் டேபிளில் நாள் முழுக்க ஏதாவது சொட்டிக்கொண்டே இருந்தாலோ, குவெரிக்குள் கரண்ட் டைம்ஸ்டாம்ப் இருந்தாலோ அந்தச் சலுகை கிடைக்காது. இன்னொன்று: வேர்ஹவுஸ் தூங்கினால் அதன் உள் கேஷ் போய்விடும், எழும் ஒவ்வொரு முறையும் குறைந்தது 60 வினாடிக்குக் கட்டணம். அதனால் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு 60-க்கு இறக்கவும் வேண்டாம்.

பிக்குவெரியில் கதை வேறு. ஆன் டிமாண்ட் முறையில் படித்த அளவுக்குக் காசு, 2023 ஜூலையிலிருந்து அமெரிக்க ரீஜனில் (டேட்டா சென்டர் இருக்கும் பகுதியில்) டெபிபைட்டுக்கு (சுமார் ஒரு டெராபைட்) 6.25 டாலர். 2 டெபிபைட் டேபிளைப் பார்ட்டிஷன் இல்லாமல், செலக்ட் ஸ்டார் (எல்லா நெடுவரிசையும் வேண்டும்) போட்டு, மணிக்கு ஒரு முறை படித்தால் நாளைக்கு 300 டாலர். லிமிட் 100 போட்டிருக்கிறேனே என்பார்கள். கிளஸ்டர் செய்யாத (ஒத்த மதிப்புகளை அருகருகே வைக்காத) டேபிளில் லிமிட் படிக்கும் அளவைக் குறைக்காது, காட்டும் அளவைத்தான் குறைக்கும். தேவையான நெடுவரிசைகளை மட்டும் கேட்டு, தேதிப் பார்ட்டிஷன் வைத்து, ஒரு முறைக்கு 20 ஜிபி என்று இறக்கினால் அதே 24 ஓட்டத்துக்கு மூன்று டாலர் ஆகும். பார்ட்டிஷன் ஃபில்டர் இல்லாத குவெரியை ஓடவே விடாத ஒரு செட்டிங் டேபிளில் இருக்கிறது, இவ்வளவு பைட்டுக்கு மேல் போனால் நிறுத்து என்று ஒரு வரம்பும் வைக்கலாம். இரண்டையும் இன்றே போடுங்கள். இரண்டு நாள் திட்டு வாங்குவீர்கள், அப்புறம் பழகிவிடும்.

இதெல்லாம் செய்த பிறகும் பில் வலித்தால், வேலையின் வடிவத்துக்கும் விலையின் வடிவத்துக்கும் பொருத்தமில்லை என்று அர்த்தம். நாள் முழுக்கச் சீராக ஓடும் வேலையை ஓடிய அளவுக்குக் காசு முறையில் வைத்திருக்கிறீர்கள், அல்லது நாளைக்கு மூன்று மணி நேர வேலைக்கு 24 மணி நேரக் கிளஸ்டர் வைத்திருக்கிறீர்கள். அப்போதும் முதலில் அதே கம்பெனியின் மற்ற விலை முறையைப் பாருங்கள். பிக்குவெரியில் ஸ்லாட் (அங்கே அது கம்ப்யூட் திறனின் அலகு) வாங்கும் முறை உண்டு, ரெட்ஷிஃப்டில் 2022-இலிருந்து செர்வர்லெஸ் (குவெரி ஓடும்போது மட்டும் கம்ப்யூட்டுக்குக் காசு) உண்டு. இடம் மாறுவதைவிட விலை முறை மாறுவது மலிவு.

அறிகுறி: இரண்டு ரிப்போர்ட்டில் இரண்டு எண்

இதற்காக வேர்ஹவுஸ் மாற்றுவது, குழம்பில் உப்பு கூடியதற்கு அடுப்பை மாற்றுவது போல. ரிட்டர்ன் ஆன ஆர்டரை ஒருவர் கழிக்கிறார், மற்றவர் கழிக்கவில்லை. உட்கார்ந்து பேசித் தீர்க்க வேண்டிய விஷயம்.

ஒரு எச்சரிக்கை மட்டும். போஸ்ட்கிரெஸிலிருந்து மாறினால் இது மோசமாகவும் ஆகலாம். ரெட்ஷிஃப்ட், பிக்குவெரி, ஸ்னோஃப்ளேக்கின் வழக்கமான டேபிள்கள் எல்லாவற்றிலும் பிரைமரி கீ (இரண்டு ரோவில் ஒரே மதிப்பு வரக் கூடாத நெடுவரிசை) எழுதி வைக்கலாம், ஆனால் அவை அதைக் காவல் காப்பதில்லை. ஒரே ஆர்டர் இரண்டு முறை லோடு ஆனால் சத்தமில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

அறிகுறி: காலை எட்டு மணிக்கு நேற்றைய எண் தயாராக இல்லை

ராத்திரி ஓட்டத்தின் ஒவ்வொரு வேலையும் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு முடிந்தது என்று ஒரு தாளில் கோடு போட்டுப் பாருங்கள். கோடுகளுக்கு நடுவில் எத்தனை வெற்றிடம் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். முந்தைய வேலை 1:10-க்கு முடிந்திருக்கும், அடுத்ததை எப்போதோ பாதுகாப்புக்காக 3:00-க்கு வைத்திருப்பார்கள். வேர்ஹவுஸ் அந்த நேரத்தில் சும்மா இருந்திருக்கும்.

உண்மையிலேயே லோடுதான் நேரம் எடுக்கிறது என்றால் அதன் விதத்தைப் பாருங்கள். ரெட்ஷிஃப்டுக்குள் ஒரே பெரிய ஜிசிப் (சுருக்கிய) ஃபைலைக் காப்பி கமாண்டில் கொடுத்தால் ஒரு ஸ்லைஸ் மட்டுமே அதைப் படிக்கும், மிச்சம் வேடிக்கை பார்க்கும். ஸ்லைஸ் எண்ணிக்கையின் மடங்காக ஃபைல்களைப் பிரித்துக் கொடுங்கள். ஒவ்வொரு ரோவாக இன்சர்ட் செய்துகொண்டிருந்தால் எந்த நெடுவரிசை இன்ஜினும் (தரவை நெடுவரிசை வாரியாகச் சேமிப்பது) திணறும், சேர்த்து வைத்துப் போட வேண்டும்.

நாளைக்கு ஒரு முறை போதாது, சில வினாடிக்குள் வேண்டும் என்று பிசினஸ் கேட்டால், அதைப் பார்த்து யார் என்ன செய்வார்கள் என்று பெயர் சொல்லச் சொல்லுங்கள். மோசடிப் பரிவர்த்தனையைத் தடுக்கும் டீம் என்றால் நியாயமான பதில், பிஓசி செய்யலாம். "சேர்மன் ரூம் திரையில் ஓடும்" என்றால் வேண்டாம்.

அறிகுறி: போஸ்ட்கிரெஸ் ரெப்ளிகாவில் ரிப்போர்ட் பாதியில் சாகிறது

இந்த இடத்தில் மாறச் சொல்பவர்கள் பக்கம் நியாயம் அதிகம். ரெக்கவரியோடு மோதியதால் குவெரி ரத்து என்று எர்ரர் வரும். பிரைமரியிலிருந்து (ஆப் எழுதும் மூல சர்வரிலிருந்து) வரும் மாற்றத்தை அமல்படுத்த முடியாமல் ரெப்ளிகா (அதன் நகல் சர்வர்), சாதாரண செட்டிங்கில் 30 வினாடி வரை பொறுத்துப் பார்த்துவிட்டு உங்கள் குவெரியைக் கொல்கிறது. பொறுக்கும் நேரத்தைக் கூட்டினால் ரெப்ளிகா பின்தங்கும். ரெப்ளிகாவில் ஓடும் குவெரிகளைப் பிரைமரிக்குத் தெரிவிக்கும் ஹாட் ஸ்டாண்ட்பை ஃபீட்பேக்கை இயக்கினால் பிரைமரியில் செத்த (இனி தேவையில்லாத) ரோக்கள் சேர்ந்து டேபிள் ஊதும். எதைச் செய்தாலும் ஒரு பக்கம் இடிக்கும். ஆப்பின் வேலையையும் ரிப்போர்ட் வேலையையும் பிரிக்கும் நேரம் வந்துவிட்டது.

ஆனால் பிரிப்பது என்றால் உடனே பெரிய வேர்ஹவுஸ் என்று இல்லை. முதலில் ஒர்க் மெம் (வரிசைப்படுத்துவது போன்ற வேலைக்குத் தரும் மெமரி) எவ்வளவு என்று பாருங்கள். யாரும் தொடாத சர்வரில் அது 4 எம்பிதான் இருக்கும். எக்ஸ்ப்ளெய்ன் அனலைஸில் எக்ஸ்டர்னல் மெர்ஜ், டிஸ்க் என்று வந்தால் வரிசைப்படுத்தும் வேலை மெமரியில் அடங்காமல் டிஸ்குக்குப் போகிறது. ரிப்போர்ட் யூசருக்கு மட்டும் அதைக் கூட்டிப் பாருங்கள். அதிலும் தீரவில்லை, 120 நெடுவரிசை டேபிளிலிருந்து நான்கை மட்டும் கூட்டிக் கழிக்கும் வேலைதான் பெரும்பாலும் என்றால், ரோ வடிவில் சேமிக்கும் இன்ஜின் அந்த நான்கிற்காக 120-ஐயும் டிஸ்கிலிருந்து தூக்கிக்கொண்டிருக்கிறது. நெடுவரிசை இன்ஜின் தேவை என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது.

அளவையும் பாருங்கள். மொத்தமே சில நூறு ஜிபி, பார்ப்பவர்கள் பத்துப் பதினைந்து பேர் என்றால், ராத்திரி பார்க்கே (நெடுவரிசை வடிவ) ஃபைலாக எழுதி, ஒரே மெஷினில் டக்டிபி என்ற சின்ன நெடுவரிசை இன்ஜினை வைத்து ஓட்டிப் பாருங்கள். ஆம்ஸ்டர்டாமின் சிடபிள்யூஐ ஆய்வு மையத்தில் பிறந்தது, 2024 ஜூனில் 1.0 பதிப்பு வந்தது. இது மட்டும் ஒரு பிஓசிக்கு ஒரு மாதம் கேட்காது.

அறிகுறி: டிஸ்க் நிரம்புகிறது, தரவோ அவ்வளவு இல்லை

ரெட்ஷிஃப்டுக்காரர்களுக்கு மட்டும். ஒவ்வொரு நெடுவரிசையும் ஒவ்வொரு ஸ்லைஸிலும் குறைந்தது ஒரு எம்பி பிளாக்கைப் பிடிக்கும், அதோடு மறைவாக மூன்று நெடுவரிசை உண்டு. 100 நெடுவரிசை டேபிள் 32 ஸ்லைஸில் பரவினால், உள்ளே சில நூறு ரோ இருந்தாலும் 103 பெருக்கல் 32, சுமார் 3,300 எம்பி. இப்படி இருநூறு சின்ன டேபிளை டெஸ்டுக்கு என்று போட்டு மறந்திருப்பார்கள். அவற்றை அழியுங்கள், நீக்கிய ரோக்களுக்கு வேக்யூம் (அவற்றின் இடத்தை மீட்கும் வேலை) ஓடியதா என்று பாருங்கள். தரவு நிஜமாகவே வளர்கிறது, டிஸ்குக்காக மட்டும் நோடு வாங்குகிறீர்கள், சிபியு சும்மா கிடக்கிறது என்றால், ஸ்டோரேஜையும் கம்ப்யூட்டையும் பிரித்த ஆர்ஏ3 நோடுகள் 2019 டிசம்பரிலிருந்து அங்கேயே இருக்கின்றன.

அறிகுறி: கோளாறு ஒன்றும் இல்லை, ஆனால் எல்லோரும் மாறிவிட்டார்களாம்

புதிதாக வந்த மேலாளர் பழைய கம்பெனியில் பார்த்தது, ஒரு டெமோ, ஒரு பெஞ்ச்மார்க் (வேக ஒப்பீட்டுச் சோதனை) படம். இந்தப் பெஞ்ச்மார்க் விஷயத்தில் கொஞ்சம் வரலாறு தெரிந்திருப்பது நல்லது. 1980-களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் டேவிட் டிவிட் வெளியிட்ட ஒப்பீட்டில் ஆரக்கிள் டேட்டாபேஸ் நன்றாக வரவில்லை. அதன் பிறகு, அனுமதி இல்லாமல் பெஞ்ச்மார்க் வெளியிடக் கூடாது என்ற விதி லைசென்ஸில் ஏறியது, அதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. 2021 நவம்பரில் டேட்டாபிரிக்ஸ் என்ற போட்டிக் கம்பெனி, டிபிசி-டிஎஸ் என்ற பொதுப் பெஞ்ச்மார்க்கில் 100 டெராபைட்டில் சாதனை என்று அறிவித்து ஸ்னோஃப்ளேக்கோடு ஒப்பிட்டது. எங்கள் எண் அது இல்லை என்று ஸ்னோஃப்ளேக் வேறு எண் காட்டியது. டிபிசி-டிஎஸ்ஸில் 99 குவெரி. உங்கள் காலை பத்து மணி நெரிசல் அந்த 99-இல் இல்லை. மேலாளரிடம் மறுத்துப் பேச வேண்டாம், "இப்போது நமக்கு எது வலிக்கிறது" என்று கேட்டு மேலே உள்ள ஏதாவது ஒரு தலைப்புக்கு அழைத்து வாருங்கள்.

அறிகுறியே இல்லாமல் பிஓசி செய்ய வேண்டிய நேரமும் உண்டு. வன்பொருளுக்கோ பதிப்புக்கோ ஆதரவு முடியும் தேதி வந்துவிட்டது. அல்லது விதி மாறிவிட்டது: 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, பேமெண்ட் தரவை இந்தியாவுக்குள் மட்டுமே வைக்க வேண்டும் என்று சொல்லி ஆறு மாதக் கெடு கொடுத்தது. அந்த மாதிரி நேரத்தில் குவெரி பிளான் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, இந்திய ரீஜன் எதில் இருக்கிறது என்று பட்டியல் போட வேண்டும்.

சரி, பிஓசிதான் என்று முடிவாகிவிட்டால்

தரவை முழுதாகக் கொண்டுபோங்கள். ஒரு சதவீத மாதிரி மெமரிக்குள் அடங்கிவிடும், எல்லா இன்ஜினும் பறக்கும். குவெரிகளை நீங்கள் எழுத வேண்டாம், லாகிலிருந்து எடுங்கள்: மொத்த நேரத்தில் முதல் இருபது, பார்க்கவே அசிங்கமான ஐந்து, ராத்திரி லோடு முழுவதும். காலை பத்து மணியின் கூட்டத்தோடு சேர்த்து ஓட்டுங்கள். ரிசல்ட் கேஷை இரண்டு பக்கமும் அணையுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது ஓட்டம் எல்லாம் மாயாஜாலமாகத் தெரியும்.

வேகத்தோடு விடையையும் ஒப்பிடுங்கள். போஸ்ட்கிரெஸிலும் ரெட்ஷிஃப்டிலும் முழு எண் 1-ஐ 2-ஆல் வகுத்தால் 0. ஸ்னோஃப்ளேக்கிலும் பிக்குவெரியிலும் 0.5. எர்ரர் வராது, சதவீத ரிப்போர்ட் மட்டும் வேறு மாதிரி வரும், மூன்று மாதம் கழித்து ஃபைனான்ஸ்காரர் கண்டுபிடிப்பார். மேற்கோள் குறி இல்லாத பெயர்களை ஸ்னோஃப்ளேக் பெரிய எழுத்தாக்கும், போஸ்ட்கிரெஸ் சின்ன எழுத்தாக்கும். பிஐ டூலில் பாதி ரிப்போர்ட் இதிலேயே உடையும்.

இன்னொன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். புதியதை ட்யூன் செய்ய அந்தக் கம்பெனியிலிருந்தே ஒரு கெட்டிக்காரர் வந்து ஒரு வாரம் உட்காருவார். உங்கள் பழையதையோ மூன்று வருஷமாக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அதே ஒரு வாரத்தைப் பழையதற்கும் கொடுத்துவிட்டு அப்புறம் ஒப்பிடுங்கள். விற்க வந்தவருக்குப் பிடிக்காது, பரவாயில்லை.

எந்த எண் வந்தால் மாறுவோம், எது வந்தால் மாட்டோம் என்பதை ஆரம்பிக்கும் முன்பே எழுதி, பில்லுக்குக் கையெழுத்து போடுபவரிடமும் காட்டி வையுங்கள். கடைசியில் வேண்டாம் என்று முடிவானால், காரணத்தோடு திரும்பத் திறக்கும் நிபந்தனையையும் அதே பக்கத்தில் எழுதுங்கள்: ராத்திரி லோடு முடியும் நேரம் காலை ஏழைத் தாண்டினால், மாச கம்ப்யூட் பில் இன்ன தொகையைத் தாண்டினால். அந்த இரண்டையும் பார்த்துச் சொல்லும் குவெரியை எழுதி, வாரத்துக்கு ஒரு முறை தானாக ஓடும்படி வைத்துவிடுங்கள். அடுத்த டெமோவுக்கு யாராவது கூப்பிட்டால் அந்த எண்ணை அனுப்பலாம்.